மொழி படிக்கப் போக நிலத்தை ஒத்தி வைக்கணுமா?

எங்க ஊர் டீக்கடையில காதுல விழுற வார்த்தைகள் மாறிப்போச்சு. முன்னாடி துபாய், சவுதி, சிங்கப்பூர்னு பேசுவாங்க. இப்போ "அவன் பி1 முடிச்சிட்டானா?", "உன் மக என்4 எழுதிட்டாளா?"ன்னு கேக்குறாங்க. நர்சிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மன் படிக்கிறார்கள். டிப்ளமோ முடித்த பையன்கள் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். மேலூர் பக்கம் இருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வகுப்புக்குப் போய் வருகிறவர்களே ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மூணு பேர் தேறுவார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கள்ளந்திரிக்குக் கீழே பெரியாறு பாசனத்தில் எங்களுக்கு ஒரு போகம்தான். வைகை அணையில் தண்ணீர் இருந்து, மதகைத் திறந்து, அது கால்வாயில் எங்கள் கண்மாய் வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் அந்த ஒரு போகமும். இதை நம்பி இருபத்திரண்டு வயசுப் பையனை "இங்கயே இருடா"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. போகட்டும். நல்லா இருக்கட்டும்.

ஆனா எந்த மொழி படிப்பது, அதை எந்த நாட்டில் எந்தப் பள்ளியில் படிப்பது என்ற ரெண்டு முடிவையும் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு, பணத்துக்கு மட்டும் நாம நிலத்தை ஒத்தி வைக்கிறோம் பாருங்க, அதைத்தான் பேசணும்னு தோணுது. எங்க சுத்துவட்டாரத்தில் எனக்குத் தெரிஞ்சே மூணு வீட்டில் இப்படி நடந்திருக்கு.

முதல்ல எந்த மொழி என்கிற கேள்வி. டவுன்ல இருக்கிற நீங்க கோவிச்சுக்காதீங்க, நீங்களும் இதை ஒழுங்காக் கேட்டதில்லை. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலா பிள்ளைக்கு பிரெஞ்சு எடுத்துக் கொடுத்தது மார்க்குக்காக. இங்கே ஊரில் எடுப்பது விசாவுக்காக. ரெண்டு பேருமே அந்த மொழியில் என்ன வேலை செய்யப் போறோம், அந்த ஊரில் எத்தனை வருஷம் இருக்கப் போறோம் என்று கேட்பதில்லை.

ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நாலு படி. ஏ1 முடித்தவர் கடையில் காய்கறி வாங்கலாம். பி2 முடித்தவர்தான் நோயாளி முனகுவதைப் புரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்ல முடியும். பலருக்கு நாலு படி ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான் என்பதால் தொடக்கம் சுலபமாகத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், ரெண்டும் இல்லாதது என்று மூணு பால் வரும். 'மேட்ஷென்' என்றால் சின்னப் பொண்ணு. அந்தச் சொல்லே அவங்க இலக்கணத்தில் பெண்பால் கிடையாது! இதையெல்லாம் மனப்பாடம்தான் பண்ணணும்.

ஜப்பானிய மொழி நேர்மாறு. எழுத்தைப் பார்த்தால் பயமா இருக்கும். ஹிராகனா, கதகானா போக, அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அவர்கள் அரசு வைத்திருக்கும் காஞ்சிப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்து. ஆனால் வாக்கியம் நம்ம வாக்கியம் மாதிரியே போகும். "வதாஷி வா கோஹான் ஓ தாபேமாஷிதா" என்றால் "நான் சோற்றைச் சாப்பிட்டேன்". வரிசை அப்படியே நம்ம வரிசை. நம்ம 'ஐ' உருபு நிற்கிற இடத்தில் அவங்க 'ஓ' நிற்குது, வினை கடைசியில் வருது. பெரியவங்களிடம் ஒரு மாதிரி, சின்னவங்களிடம் ஒரு மாதிரி பேசுவதும் நமக்குப் பழக்கம்தான். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது பெரிய வசதி. ஆனால் பல வகுப்புகளில் இதையே இங்கிலீஷ் இலக்கணம் வழியாகச் சுற்றி வளைத்து நடத்துகிறார்கள். பிள்ளை, தனக்கு மூளை இல்லையென்று நினைத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். என்5, என்4 என்று வரும் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்து வட்டம் நிரப்பினால் போதும். அதனால் என்4 சான்றிதழ் கையில் இருப்பவன் பேசுவான் என்று அர்த்தம் இல்லை. ஜெர்மனுக்கான கோதே தேர்வில் பேச்சும் உண்டு. ஏஜென்ட் சொல்லாத இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சு வச்சுக்கங்க.

அடுத்தது, எங்கே படிப்பது. "இங்க படிச்சா லேட் ஆகும் தம்பி. நேரா ஜப்பான் போயி லாங்வேஜ் ஸ்கூல்ல சேரு. படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை பாத்து வீட்டுக்குப் பணம் அனுப்பலாம்." இது எங்க பக்கம் வீடு வீடாக வந்து சொல்லப்படும் வசனம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். டோக்கியோவில் 2024 அக்டோபரில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். மாசத்துக்கு 112 மணி நேரம் என்றால் சுமார் 1,30,000 யென். நம்ம காசுக்கு எழுபதாயிரம் ரூபாய் சொச்சம். கேட்க நல்லா இருக்கு. ஆனால் மொழிப் பள்ளிக் கட்டணமே வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் யென் அளவில் வரும். மாசத்துக்குப் பிரித்தால் அறுபதாயிரம் யென்னுக்கு மேல். மிச்சத்தில் அறை வாடகை, சாப்பாடு, ரயில், போன். வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கும்? ஒத்திப் பணத்தை எதை வைத்துத் திருப்புவது? 28 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்த்து மாட்டினால் விசா நீட்டிப்புக்கே ஆபத்து. வகுப்புக்குச் சரியாகப் போகாவிட்டாலும் அதே கதி.

ஜெர்மனி என்றால் வேறு கணக்கு. அங்கே மொழி படிக்க மட்டும் விசா கேட்டால், வாரம் 18 மணி நேரமாவது நடக்கும் தீவிர வகுப்பாக இருக்க வேண்டும். செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்ட, மாசத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் என்ற கணக்கில் பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கி வைக்கும் முறைதான் வழக்கம். ஒரு வருஷத்துக்கு என்றால் சுமார் பன்னிரண்டு லட்சம் ரூபாய். அத்தனையும் ஏ1 பாடம் படிக்கவா?

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் எழுத்து மட்டும் தெரிந்துகொண்டு ஜப்பான் போனான். ராத்திரி சாப்பாட்டு டப்பா அடைக்கிற கம்பெனியில் வேலை, காலையில் வகுப்பில் தூக்கம். அறையில் கூட இருப்பவர்கள் தமிழ்ப் பையன்களும் நேபாளப் பையன்களும். போய் ஒரு வருஷம் கழித்துப் போனில் சொன்னான்: "அண்ணே, ஜப்பான்காரங்களோட நான் பேசுறதே கம்மிண்ணே. பெல்ட்டுக்கு முன்னால நின்னு டப்பாவப் பாக்குறேன், அவ்வளவுதான்." அவனை நான் குறை சொல்ல மாட்டேன். நாடு மாறினால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியவர்களைத்தான் சொல்வேன்.

அப்போ வெளிநாட்டில் போய் மொழி படிப்பதே வீணா? இல்லை. அதற்கு நல்ல உதாரணம் நம்ம மதுரையிலேயே இருக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1961-ல் தொடங்கிய அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம், பல வருஷமாக மதுரையில் தமிழ் வகுப்பு நடத்துகிறது. கோடையில் ரெண்டு மாசம் போலவும், ஒரு கல்வியாண்டு முழுக்கவும் அமெரிக்க மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு மதுரை ஒரு வெளிநாட்டு மொழிப் பள்ளி!

அதில் கவனிக்க வேண்டியது என்ன? பலர் தமிழ்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். வகுப்பு முடிந்ததும் ஊர்தான் பள்ளிக்கூடம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, "கால் கிலோ போதும்க்கா, பாத்துப் போடுங்க" என்று சொல்லிக் கேட்டேன். பூக்கார அக்கா சிரிச்சுக்கிட்டே ஒரு கை மல்லி கூடப் போட்டாங்க. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் தமிழ் கற்றதும் இப்படி இங்குள்ளவர்களோடு இருந்துதான்.

ஆக, வெளிநாட்டுப் பள்ளிக்குக் கொடுக்கும் பணம் அந்த ஊர் மக்களோடு புழங்கும் வாய்ப்புக்குத்தான். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் அளவுக்கு மொழி ஏற்கெனவே கையில் இருக்கணும். நாத்தை நாத்தங்கால்ல வளர்த்துத்தான் வயலுக்குக் கொண்டுபோறோம். முளைக்காத விதைக்கு யாரும் நடவுக் கூலி கொடுக்க மாட்டாங்க.

நாத்தங்கால் இங்கேயே இருக்கு. ஜெர்மனுக்குச் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன், ஜப்பானிய மொழிக்கு ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய். நம்ம அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கு, நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சியும் கொடுத்திருக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தாட்கோவில் விசாரிக்கலாம். ஜப்பானோடு 2021 ஜனவரியில் இந்தியா போட்ட ஒப்பந்தப்படி, முதியோர் பராமரிப்பு, விவசாயம் மாதிரித் துறைகளுக்கு மொழித் தேர்வையும் தொழில் தேர்வையும் தேறி, நேரா வேலை விசாவிலேயே போகலாம். அதுக்கு மொழிப் பள்ளிக் கட்டணமே தேவையில்லை.

இங்கேதான் சூட்சுமம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்கணும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று உச்சவரம்பு இருக்கு. மாணவர் விசாவில் அனுப்புகிறவர் 'கல்வி ஆலோசகர்'. இந்த வரம்பு அவரைக் கட்டாது. ஏன் எல்லாரையும் லாங்வேஜ் ஸ்கூலுக்கே தள்ளுகிறார்கள் என்பது இப்போ புரியுதா?

டவுன்ல இருக்கும் உங்களிடம் ஒரே வேண்டுகோள். ஊரில் இருந்து சித்தப்பாவோ மச்சானோ போன் பண்ணி, "மாப்ள, நீ படிச்சவன், பையன ஜப்பானுக்கு அனுப்பலாமா?"ன்னு கேட்பாங்க. "நல்ல சான்ஸ், அனுப்புங்க"ன்னு ஒரு வார்த்தையில் முடிச்சிராதீங்க. பையன் இப்போ எந்தப் படியில் இருக்கான், மாணவர் விசாவா வேலை விசாவா, பள்ளியின் கட்டணப் பட்டியல் பள்ளியிடமிருந்தே வந்ததா ஏஜென்ட் தட்டச்சு செய்ததா, அங்கே முடித்தவர்கள் இப்போ என்ன வேலையில் இருக்காங்க என்று கேளுங்க. அந்தப் பள்ளியில் இப்போ படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்க. ஏஜென்ட் மழுப்பினால் அதுவே பதில்.

இதுக்கு உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒத்திக்குப் போன நிலத்தை மீட்க எங்க ஊரில் ஒரு தலைமுறை ஆன குடும்பங்கள் இருக்கு.