சாவடி எங்கே இருக்கிறது?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், எங்க காலனி பூத்தை ஊருக்குள்ள இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாம்னு பேசிக்கிறாங்க. அங்க புதுக் கட்டடம், ஃபேன் எல்லாம் இருக்கு. நல்லதுதானே?" என்றான். தூரம் அரை கிலோமீட்டர்தான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றக் கூடாது என்பதே என் கருத்து.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடங்குகிறேன். 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, சுமார் 4 கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் ஓட்டுரிமை இருந்தது ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. வரி கட்டுகிறவன்தான் வாக்காளன். அவர்களிலும் நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். காங்கிரஸ் புறக்கணித்தது ஒரு காரணம். 1937-இல் வாக்காளர் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. மொத்தம் 215 இடத்தில் 159 இடம் அந்தப் பெட்டிக்குப் போனது.

அந்தத் தேர்தலில் என் தாத்தாவும் ஒரு வாக்குச்சாவடிக்குப் போனார். ஆனால் அவருக்கு ஓட்டுக் கிடையாது. பட்டா இல்லை, படிப்பும் இல்லை. பண்ணையாரின் மாட்டுவண்டியில் ஓட்டுள்ள நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனவர் அவர். இப்போது மாதிரி ஊருக்கு ஊர் சாவடி கிடையாதே! "மாட்டை அவிழ்த்துப் புளியமரத்தடியில கட்டினேன். பெட்டி மஞ்சளா பச்சையான்னு கூட நான் பார்க்கலை" என்பார். சாவடி தூரத்தில் இருந்தால் வண்டி வைத்திருப்பவன் கைதான் ஓங்கும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேட்பாளர் செலவில் வாக்காளர்களை வண்டி வைத்து ஏற்றிவருவது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புளியமரம் ஞாபகம் வரும்.

தூரம் ஒன்று. தெரு இன்னொன்று.

'சாவடி' என்ற சொல்லையே பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசிய இடம் அது. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடமும் பல ஊர்களில் அப்படித்தான். அக்ரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்ததால் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் உள்ளே வர முடியவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடப்பதற்கே தீர்மானம்! பூனா ஒப்பந்தத்தின்படி இந்த மாகாணத்தில் தனித்தொகுதி இடம் 30 கிடைத்தது. இடம் கிடைத்தது சரி, ஓட்டுப் பெட்டி இருக்கிற தெருவுக்குள் போக வேண்டாமா?

சுதந்திரத்துக்குப் பிறகு இதை யோசித்துத்தான் செய்தார்கள். 1951-52 பொதுத்தேர்தலில் பெண்களுக்கென்றே 27,527 சாவடிகள் ஒதுக்கினார்கள். இன்றைய விதியில் வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி இருக்கக் கூடாது. கோயில், காவல் நிலையம், மருத்துவமனையில் சாவடி கூடாது. நலிந்த பிரிவினர் வாழும் பகுதியில் வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அங்கேயே அமைக்கலாம். தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் ஓட்டு இயந்திரம் ஏறுவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஆளைத் தேடிச் சாவடி போகிறது, பாருங்கள்.

நான் பலமுறை தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) தலைமை அலுவலராக இருந்தேன். காலனிக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே சாவடி, ஊர்ப் பள்ளியில். காலையிலிருந்து காலனி ஆட்கள் ஒருவரும் வரவில்லை. முந்தின வாரம் ஏதோ தகராறாம். ரெக்கார்டில் எல்லாம் ஒழுங்கு. கட்டடம் ஒழுங்கு, தண்ணீர், பந்தல், போலீஸ் எல்லாம் ஒழுங்கு. நேரம் முடியப் போகும்போது ஒரு பாட்டி பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்து எல்லோரையும் போட வைத்தோம். மீதிப் பேர் வரவே இல்லை. அன்று நான் எழுதிய டைரியில் 'வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது' என்று இருக்கும். அமைதிக்கு என்ன காரணம் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

நாளும் இடம் மாதிரிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 2019 ஏப்ரல் 18 நினைவிருக்கிறதா? நம் ஊரில் ஓட்டும் சித்திரா பௌர்ணமி கிரிவலமும் ஒன்றாக வந்தன. மதுரையில் தேரோட்டம் என்பதால் அங்கே இரவு 8 மணிவரை நேரம் நீட்டினார்கள். கேட்டதால்தான் நீட்டினார்கள்.

இப்போது ஒரு சாவடிக்கு 1,200 பேருக்கு மேல் கூடாது என்கிறது தேர்தல் ஆணையம். நல்ல முடிவு. ஆனால் பிரித்துச் சேர்க்கும்போது தெருக்கள் இடம் மாறும். காகிதத்தில் அரை கிலோமீட்டர் சின்னக் கோடு. காலனிப் பள்ளியில் ஃபேன் இல்லை என்றால் ஃபேன் மாட்டட்டும், சாய்தளம் இல்லை என்றால் கட்டட்டும். அதற்காகச் சாவடியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். சாவடிகளின் வரைவுப் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். தாலுகா ஆபீஸில் போய்ப் பார். உன் தெருப் பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள். மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர் பெயருக்கு ஒரு பக்க மனு போதும். பாட்டிமார் கையெழுத்தோ கைநாட்டோ இருந்தால் இன்னும் நல்லது. எழுத வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா, உட்கார்ந்து எழுதுவோம்.