தூக்குக்குண்டு பிடித்த கைக்கு ஒரு சான்றிதழ்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலங்களில், "ஐயா, பையனை அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அநேகர். பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் குடியேறியிருக்கிற நம்முடைய தங்கவயல் குடும்பங்கள் தொலைபேசியில் கேட்பதும் இதே கேள்விதான். ஆகவே இம்மாதம் அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

விடியுமுன்னே மாரிகுப்பம் நிலையத்துக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். பெங்களூருக்குச் செல்லும் ரயிலில் இடம்பிடிக்க ஓடுகிற நூற்றுக்கணக்கானவர்களில் கரணையும் ரசமட்டமும் வைத்த பையைத் தோளில் மாட்டிய வாலிபர்கள் எத்தனை பேர்! ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், அங்கே பிறருக்கு மாடி வீடு கட்டிவிட்டு, இருட்டின பின்பு திரும்பி வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் இகழவில்லை. உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குத் தலைகுனிவு இல்லை. ஆனால் பதினாறு வயதில் சித்தாளாகப் போனவன் முப்பத்தாறு வயதிலும் அதே கூலிக்கு அதே சாரத்தில் ஏறி இறங்குவதைக் காணும்போது என் இருதயம் நோகிறது.

நம் ஊரின் கதை நமக்குத் தெரியும். 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கினார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இந்த வயல்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிற்று. அந்த ஆழத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தாங்கி நிறுத்த மரத்தாலும் இரும்பாலும் கருங்கல்லாலும் முட்டுக் கொடுத்தவர்கள் நம்முடைய தகப்பன்மார்களும் பாட்டன்மார்களுமே. எங்கே எத்தனை முட்டு வேண்டும், எந்தப் பாறை "பேசுகிறது", எது இடியப் போகிறது என்று காதாலும் கையாலும் அறிந்தவர்கள் அவர்கள்.

என் தகப்பனார் அப்படி முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, ஊரில் அவரைப் போன்றவர்கள் பலர் வெளியூருக்கு வேலை தேடிப் போனார்கள். போன இடத்திலெல்லாம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "என்ன படித்திருக்கிறீர்கள்? சான்றிதழ் இருக்கிறதா?" முப்பது வருஷ அறிவு கையில் இருந்தது; காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. ஆகவே அவர்களில் அநேகர் வாசல் காவலுக்கு அமர்ந்தார்கள்.

அதே பாறையின் அறிவு படிப்பாக மாறினபோது நடந்ததையும் பாருங்கள். 1988-ல் இதே தங்கவயலில் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அணைகளுக்கும் மலைகளைக் குடைந்து செல்லும் சுரங்கப் பாதைகளுக்கும் ஆலோசனை சொல்லும் நிறுவனமாக அது வளர்ந்தது. பாறை ஒன்றுதான். அளந்து, கணக்கிட்டு, எழுதி வைத்தவர்களின் அறிவு நிலைத்தது; எழுதி வைக்காதவர்களின் அறிவு அவர்களோடு கல்லறைக்குப் போயிற்று.

இப்பொழுது என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கை செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயார், பத்தாம் வகுப்பில் தேறின தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பையனுக்குக் கணக்கு நன்றாக வரும். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்க விரும்பினான். வீட்டிலோ கடன். நான் ஜெபித்துவிட்டு, "ஒரு வருஷம் வேலைக்குப் போகட்டும் அம்மா, கடன் தீர்ந்ததும் படிக்கட்டும்" என்று சொன்னேன். ஞானமாகப் பேசினதாகவே அன்று நினைத்தேன். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. கூலி கைக்கு வந்தபின் வீட்டுச் செலவு கூலியின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பையன் கம்பி கட்டும் வேலையிலேயே நின்றுவிட்டான். உதவிக்கு எங்கே போகலாம் என்று விசாரியாமல் ஆலோசனை சொன்னது என் குற்றம். அதன்பின்புதான் இந்தப் படிப்புகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்தேன். அறிந்ததை எழுதுகிறேன்.

கட்டுமானத் துறையில் படிப்பு என்பது ஒரே படியல்ல, ஏணி. பத்தாம் வகுப்பு முடித்தவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, சிவில் வரைவாளர் பயிற்சியை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். வீட்டின் வரைபடத்தை அளவு பிசகாமல் வரையவும், கணினியில் ஆட்டோகேட் கொண்டு வரையவும் அங்கே கற்பிக்கிறார்கள். நில அளவையாளர், கொத்தனார் ஆகிய தொழில்களுக்கும் ஐ.டி.ஐ. பயிற்சி உண்டு.

அடுத்தது பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்று ஆண்டுகள். கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களின்படியே சேர்க்கை நடக்கிறது. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேர வழியுண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் அதற்குரிய நுழைவுத்தேர்வு எழுதி, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஆகவே ஏழைப் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. ஒரு முட்டுச்சந்து என்று எண்ணாதிருங்கள். நம் தங்கவயலிலேயே, உரிகத்தில், பொறியியல் கல்லூரி இருக்கிறது. பிள்ளையை விடுதிக்கு அனுப்ப இயலாத தாய்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

கட்டடக்கலை வேறு வழி. ஆர்க்கிடெக்ட் என்பவர் கட்டடம் எப்படி அமையவேண்டும், வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரவேண்டும், அதில் மனுஷர் எப்படி வாழ்வார்கள் என்று திட்டமிடுகிறவர். அந்தக் கட்டடம் பாரத்தைத் தாங்கி நிற்க எத்தனை கம்பி, எவ்வளவு கனமான தூண் வேண்டும் என்று கணக்கிடுகிறவர் சிவில் பொறியாளர். கட்டடக்கலைப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் படிக்கவேண்டும். கணிதம் படித்திருக்கவேண்டும்; நாட்டா என்னும் நுழைவுத்தேர்வும் உண்டு. 1972-ம் ஆண்டின் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மாத்திரமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். படம் வரையத் தெரிந்த பிள்ளை என்பதற்காக மட்டும் இதில் சேர்க்காதிருங்கள். செலவும் காலமும் அதிகம். ஆகிலும் உண்மையான விருப்பமுள்ள பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

இந்த வேலை பணக்காரருக்கு மாளிகை கட்டுவதற்கே என்று எண்ணுகிறவர்கள் லாரி பேக்கரை நினைத்துப் பார்க்கட்டும். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கட்டடக்கலை படித்து, 1945-ல் தொழுநோயாளருக்கான கிறிஸ்தவப் பணியில் கட்டடங்கள் அமைக்க இந்தியாவுக்கு வந்தவர் அவர். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் தங்கி, அந்தந்த ஊரில் கிடைக்கும் செங்கல்லையும் மண்ணையும் கொண்டு, செலவைக் குறைத்து, எளியவர்களுக்கு வீடுகள் கட்டினார். 2007-ல் மரிக்கும் வரைக்கும் இந்த தேசத்திலேயே வாழ்ந்தார். படிப்பு அவரை எளியவர்களிடமிருந்து பிரிக்கவில்லை. அவர்களுக்கு உதவத் திராணியுள்ளவராக்கிற்று.

"கையால் கற்ற வேலைக்குக் கல்லூரி எதற்கு?" என்று சில மேஸ்திரிகள் என்னைக் கேட்டதுண்டு. அவர்களுக்கு ஒரு பொறியாளர் சொன்ன உதாரணங்களையே நானும் சொல்லுகிறேன். கான்கிரீட் இறுகலாக இருந்தால் வேலை சுலபமாகும்படி இன்னும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது தளங்களில் வழக்கம். அந்த ஒரு வாளி கான்கிரீட்டின் பலத்தைத் திருடிவிடுகிறது. அதனால்தான் 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் வார்த்து, 7-ம் நாளிலும் 28-ம் நாளிலும் நசுக்கிச் சோதிக்கிறார்கள். சுவரைவிட்டு வெளியே நீண்டிருக்கும் பால்கனியில் பிரதான கம்பிகள் மேற்பக்கத்தில் வரவேண்டும். உள் தளத்துக்குப் போடும் பழக்கத்தில் அவற்றைக் கீழே வைத்துவிட்டால், முட்டை எடுத்த நாளிலேயே அது முறிந்து விழக்கூடும். தூணைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் நுனியை 90 பாகையில் மடித்தால் நிலநடுக்கத்தில் திறந்துகொள்ளும்; 135 பாகையில் உள்நோக்கி மடித்தால் பிடித்துக்கொள்ளும். இருபது வருஷம் அனுபவமுள்ள கைக்கு வேகம் வரும். ஏன் என்னும் காரணம் தானாக வராது. அந்தக் காரணத்தைக் கற்பிப்பதே கல்லூரி.

2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகுதியானோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள், நம்மைப் போன்றவர்கள். கணக்கு பிசகினால் அதன் கீழே நிற்பவன் ஏழைதான். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும், ஒருவன் விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ல் மோசே எச்சரிக்கிறாரே. கட்டடத்தின் பாதுகாப்பை வேதம் எத்தனை கண்டிப்பாய்ப் பார்க்கிறது! அப்படியிருக்க, அனுமதி வரைபடமின்றி, பொறியாளரின் கையொப்பமின்றி ஜெபவீட்டின்மேல் மாடி எழுப்புகிற சபைகளும் நம்மில் உண்டு. இதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம்முடைய ஆண்டவர் சொன்னது படிப்புக்கும் பொருந்தும். ஆகவே சில யோசனைகள்.

முதலாவது, அரசுக் கல்லூரியையும் அரசு ஐ.டி.ஐ.யையும் விசாரியுங்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது, தனியார் நிறுவனமானால் பணம் கட்டுமுன் அங்கீகாரத்தைச் சோதியுங்கள். டிப்ளமோவுக்கும் பொறியியலுக்கும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி வேண்டும். கட்டடக்கலைக்குக் கட்டடக்கலைக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். பளபளப்பான விளம்பரத் தாளை நம்பி நகையை அடகு வைத்த குடும்பத்தின் கண்ணீரை நான் கண்டிருக்கிறேன். மூன்றாவது, தகப்பனோ தாயோ கட்டட வேலை செய்கிறவரானால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். 1996-ம் ஆண்டின் சட்டத்தினால் உருவான இந்த வாரியங்களுக்குக் கட்டடம் கட்டுகிறவர்களிடமிருந்து தீர்வை வசூலிக்கப்படுகிறது. 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டவராயும், முந்தின பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்கள் கட்டட வேலை செய்தவராயும் இருப்பவர் பதிவு பெறலாம். பதிவு பெற்றவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அன்று அந்த விதவைத் தாயார் தாமும் சித்தாள் வேலைதான் செய்துவந்தார்கள். இந்த ஒரு காரியம் எனக்குத் தெரிந்திருந்தால்!

நான்காவது, மொழி. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைக் கண்டு முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோகிறார்கள். ஆகவே விடுமுறையில் கணக்குச் சொற்களையும் அளவைச் சொற்களையும் ஆங்கிலத்தில் பழக்குங்கள். சபையிலே ஒரு பொறியாளரோ ஆசிரியரோ இருந்தால் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கொடுக்கட்டும். அதுவும் ஊழியமே.

வயது கடந்துவிட்ட மேஸ்திரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பே கையால் கற்ற திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை 2015 முதல் மத்திய அரசின் திறன் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதியிலே அப்படிப்பட்ட தேர்வு நடக்கும்போது வெட்கப்படாமல் எழுதுங்கள். உங்கள் தகப்பனுக்கு இல்லாமற்போன அந்தத் தாள் உங்களுக்காவது இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல என்று சொல்லுகிறவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நம் தாய்மார்கள் தலையில் கல்லும் மண்ணும் சுமந்தபோது அப்படி ஒருவரும் சொல்லவில்லையே. சுமக்கத் தகுதியானவளுக்கு வரைபடம் வாசிக்கத் தகுதி இல்லையா?

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் இன்னும் கம்பி கட்டுகிறான். ஆனால் அவனுடைய தங்கை பத்தாம் வகுப்பு முடித்தபோது, அவன் என்னிடத்தில் ஆலோசனை கேட்க வரவில்லை. நேரே பாலிடெக்னிக்குக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டான். இப்பொழுது அவள் சிவில் டிப்ளமோ படிக்கிறாள். சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவன் தளத்திலிருந்து கொண்டுவந்த கம்பி வரைபடத்தைத் தரையில் விரித்து, எந்தக் கோடு எந்தக் கம்பி என்று தங்கை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை இருவரும் உடனே கவனிக்கவில்லை. வாசற்படியிலேயே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கணக்கு வருகிற பிள்ளை ஒன்று இருந்தால், "ஒரு வருஷம் வேலைக்குப் போகட்டும்" என்று சொல்லுமுன் தயவாய் ஒருமுறை விசாரியுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கென்று பெசலெயேலுக்கு ஞானத்தையும் அறிவையும் அருளின தேவன் உங்கள் பிள்ளைகளின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.