துணி சரி, துவைப்பது யார்?

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் சோப்பு, பவுடர் அடங்கிய பெட்டியும் ஒரு கவுனும் வாங்கிப் போவார்கள். இப்போது டயப்பர் மூட்டையோடு போகிறோம். கொடுப்பவருக்கும் நிம்மதி, வாங்குபவருக்கும் நிம்மதி. கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா மட்டும், “நாங்கள்லாம் பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டித்தான் பிள்ளை வளர்த்தோம்” என்று ஆரம்பிப்பார். பெற்றவள் முகம் சுருங்கிப்போகும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நடக்கிற வழக்கு இது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் தீர்ப்பே வருவதில்லை.

முதலில் டயப்பர் பக்கம். பயன்படுத்தாத ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். மெத்தென்ற மரக்கூழுக்கு நடுவே சர்க்கரை மாதிரி வெள்ளைக் குருணை ஒட்டியிருக்கும். சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழகொழவென்று உப்பி ஜெல் ஆகிவிடும். கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. 1980களில் இந்தக் குருணை உள்ளே வந்த பிறகுதான் டயப்பர் மெலிந்தது, ராத்திரி முழுக்கத் தாங்கவும் செய்தது. தோலில் படும் விரிப்பும் வெளி உறையும் பிளாஸ்டிக். ஆக, கழற்றி எறியும்போது அதில் மரக்கூழ், ஜெல், பிளாஸ்டிக், மலம் எல்லாம் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கின்றன. உரக்குழியும் ஏற்காது, பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார்.

பிறகு யார் எடுக்கிறார்கள்? காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்தான். பால் கவரும் டயப்பரும் ஒரே கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டு இருந்தால் அதை அவிழ்த்துப் பிரிப்பது அவர் கை. டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. சுற்றிப் போடுவதற்கான உறையைத் தயாரிப்பாளர் தருவதைப் பற்றியும் அதில் இருக்கிறது. புணேயிலும் பெங்களூருவிலும் இன்னும் எளிதாக ஒரு வழி கண்டார்கள். செய்தித்தாளில் சுற்றி, மேலே பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டைப் பார்த்தாலே பிரிக்கக் கூடாது என்று பணியாளருக்குத் தெரிந்துவிடும். செலவில்லாத மரியாதை. டயப்பர் கட்டும் வீடுகள் இதையாவது இன்றே தொடங்கலாம். தப்பித்தவறிக்கூடக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். குழாயின் வளைவில் உப்பி உட்கார்ந்துகொண்டால் மொத்த அடுக்ககத்துக்கும் அன்று திண்டாட்டம்.

சரி, அப்படியானால் துணிக்கே ஜே போட்டுவிடலாமா? இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடம் டயப்பர் கட்டினால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயு காற்றில் கலக்கிறது. துணி கட்டினால்? சுமார் 570 கிலோ! துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் தின்னும் மின்சாரம் துணியின் பெருமையை விழுங்கிவிடுகிறது. ஆனால் அதே கணக்கின் அடுத்த பக்கம்தான் நமக்கானது. கொடியில் காயப்போட்டு, இயந்திரம் நிறைந்த பிறகே ஓட்டி, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் 200 கிலோ குறைகிறது. கொடியும் வெயிலும் நம் மொட்டை மாடியில் சும்மா கிடக்கின்றன. அண்ணன் பிள்ளைக்குக் கட்டியதைத் தங்கை பிள்ளைக்குக் கட்டுவது நம் வீடுகளில் புதிதும் இல்லை. ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்த அழகான துணி டயப்பர் இரண்டு டஜன் வாங்கி, நாலு மாதத்தில் பரணில் போட்டுவிட்டால் பூமிக்கு நாம் ஒன்றும் செய்துவிடவில்லை.

பெரியம்மாவின் கட்சி இந்த இடத்தில் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த வேட்டித் துண்டுகளைத் துவைத்தது யார்? பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை நனைக்கும். பல ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டுத் துணியைச் சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள், சாதி விதித்த கடமையாக, சில படி நெல்லுக்குத் துவைத்தார்கள். மற்ற வீடுகளில் பாட்டி, அத்தை, கல்யாணமாகாத சித்தி. துவைத்த ஆண் யாராவது உண்டா என்று பெரியம்மாவைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று இன்று நாம் கொண்டாடுவதில் பாதி, பெண்களின் கூலியில்லாத உழைப்பு.

இப்போது வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்திக்கு வயிற்றில் தையல். இன்னொருவருக்கு அலுவலகம். போதாக்குறைக்குத் தண்ணீர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதங்களில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தாயிடம் போய்த் துணிதான் நல்லது என்று பாடம் நடத்த யாருக்கு வாய் வரும்?

என் அத்தை மகன் வீட்டில் ஒரு ஏற்பாடு பார்த்தேன். பகலில் துணி, ராத்திரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் டயப்பர். குளியலறையில் மூடி போட்ட இரண்டு வாளிகள். மலத்துணியை முதலில் கழிப்பறையில் உதறி அலசிவிட்டு ஒன்றில் போடுகிறார்கள், வெறும் ஈரத்துணியை இன்னொன்றில். காலையில் அவன் காபிக்கு முன்னால் அந்த வாளிகளைத்தான் பார்க்கிறான். சோப்பு நுரை போகும்வரை அலசுகிறான், இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்துவிடும். மணக்க வைக்கும் கண்டிஷனர் கிடையாது. அது துணியில் படிந்தால் ஈரம் இழுக்காது. பத்து மணிக்குள் எல்லாம் மாடி வெயிலில். ஊரிலிருந்து வந்த அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. “ஏண்டா, இதெல்லாம் நீ செய்யணுமா? குடு, நான் பாத்துக்கறேன்” என்றார். “ஏம்மா, என் பிள்ளைதானே?” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அத்தை வாளிக்குப் பதில் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். குழந்தை தூங்கி எழுந்ததும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து, “ஸ்ஸ்ஸ்...” என்று ஒரு சத்தம். ஏழு மாதப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும் அத்தை காலில்தான் போகிறது. துவைக்க வேண்டிய துணியும் பாதியாகக் குறைந்தது. டயப்பருக்குள்ளேயே இருக்கும் குழந்தைக்கு ஈரம் தெரிவதில்லை, அதனால் சொல்லவும் தோன்றுவதில்லை. குப்பையைக் குறைக்க நம்மிடம் இருக்கும் வழிகளில் எதையும் வாங்கத் தேவையில்லாத வழி இது.

ஆகவே வளைகாப்பு முடிந்த வீட்டுக்கு ஒரு யோசனை. பழைய வேட்டிகளையும் அக்கா வீட்டுத் துணி டயப்பர்களையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அதற்கும் முன்னால், காலையில் துவைப்பது யார், மழைநாளில் காயப்போடுவது எங்கே, ராத்திரி எழுவது யார் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். அப்பா துவைக்கும் வீட்டில் துணி நிலைக்கும். எல்லாம் அம்மா தலையில் என்றால் மூன்றாவது வாரமே டயப்பர் மூட்டை வந்து இறங்கும். அதற்காக அவளைக் குறை சொல்ல வாளியைத் தொடாத யாருக்கும் உரிமை கிடையாது.