கணினிக் காவற் கல்வி

மாணாக்கர் தேர்வுக்குப் பெயர் பதிதலும், பெற்றோர் கட்டணம் செலுத்துதலும், பழைய மாணாக்கர் தம் ஊதியம் பெறுதலும் இந்நாளில் கணினி வாயிலாகவும் கைப்பேசி வாயிலாகவுமே நடைபெறுகின்றன. வீட்டிற்குப் பூட்டு வாங்குங்கால் நான்கு கடை ஏறி இறங்குவோர், தம் பொருளும் கடிதமும் ஒருங்கே தங்கியுள்ள இக்கருவிக்குத் தம் பிறந்த நாளையே கடவுச்சொல்லாக அமைத்துக் கவலையற்றிருக்கின்றனர். இதுபற்றி வினவின், “அது கணினி பயின்றார் தொழில், எமக்கென்ன?” என்னும் விடையே பெரும்பான்மையும் கிடைக்கின்றது. இவ்விடை பிழையுடையதென்பதும், கணினிக் காவலின் முதற்பாடங்களை எல்லாத் துறை மாணாக்கரும் அலுவலிலிருப்போரும் கற்றல் கடனென்பதும் எமது துணிபு.

இக்காவல் துறை வல்லார்க்கே உரியது என்பார், 1986-ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்றை நோக்குவாராக. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிகளைப் பேணும் பணியிலமர்ந்த கிளிஃபோர்டு ஸ்டோல் என்பார் வானநூல் பயின்றவர். கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிப்பதைக் கண்டு, அச்சிறு தொகையின் காரணத்தை அவர் தேடலானார். மாதக்கணக்கில் நீண்ட அத்தேடல், ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளுட் புகுந்து, பெற்ற செய்திகளைச் சோவியத் ஒற்றர்க்கு விற்றவர்களைக் காட்டிக்கொடுத்தது. புகப்பட்ட கணினிகளுட் சில, விற்பனையாளர் முதலில் அமைத்த கடவுச்சொல் மாற்றப்படாமலே கிடந்தமையால் எளிதில் திறந்துகொண்டன. கணக்கு நேராகாவிடில் உறங்காத மனமே ஸ்டோலுக்குக் கருவியாயிற்று. அம்மனம் வணிகவியல் மாணாக்கர்க்கும் வரலாற்று மாணாக்கர்க்கும் எய்தற்கரியதோ?

இனி, தொடங்குவோர் எங்ஙனம் தொடங்குவது? சில கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்து, சில நாட் பயிற்சியாற் சான்றிதழ் பெற்று வல்லுநராகலாம் என விளம்பரம் செய்வார் பலர். யாம் அதனை ஒப்புகின்றிலேம். ஒரு கணினி பிறிதொன்றோடு எவ்வாறு பேசுகின்றது, ஒரு செயலி கேட்கும் உரிமைகள் யாவை, வந்த மின்னஞ்சலின் முகவரி மெய்யோ பொய்யோ என்பவற்றை அறிதலே முதற்படி. அதன்பின் கொள்கைகள் இரண்டைப் பற்றிக்கொள்க. ஒன்று, மொழிநூல் வல்லாராகிய ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-இல் மறைமொழி பற்றிக் கூறியது: அமைப்பு முழுவதும் பகைவர்க்குத் தெரிந்துவிடினும், திறவுகோல் ஒன்று மறைவாயிருப்பின் காவல் நிற்றல் வேண்டும் என்பது. மற்றொன்று, 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் வற்புறுத்தியது: ஒவ்வொருவர்க்கும் அவர் செய்யும் பணிக்கு வேண்டிய அளவே உரிமை வழங்குக என்பது. பால் கொணர்வார்க்குப் பெட்டிச் சாவியை யாரும் கொடுப்பதில்லை. விளக்கொளி தரும் செயலியொன்று நம் நண்பர் எண்களையெல்லாம் கேட்பின் கொடுப்பதேன்?

நாள்தோறும் செய்யத்தக்கன சிலவே. கடவுச்சொல் நீண்டதாகவும் இடந்தோறும் வேறாகவும் இருத்தல் வேண்டும். ஓரிடத்துக் களவாடிய சொல்லைக் கள்வர் ஏனையிடங்களிலும் இட்டுப் பார்ப்பர். ஓ.டி.பி. என வழங்கும் ஒருமுறை எண்ணை, வங்கியின் பெயராற் கேட்பினும் காவலர் பெயராற் கேட்பினும் சொல்லற்க. குறித்த நாட்களுக்கொருமுறை கடவுச்சொல்லை மாற்றுவிக்கும் பழைய விதியை, அமெரிக்க நாட்டுத் தர நிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் வேண்டாவென விலக்கியதும் அறியத்தக்கது. களவுபோன குறி காணாதவிடத்தும் வற்புறுத்தி மாற்றுவித்தால், மக்கள் பழஞ்சொல்லின் இறுதியிலுள்ள ஒன்றை இரண்டாக்கி அமைவர். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இம்மாற்றங்கண்டு மயங்குவர். காரணம் கற்றவர் மயங்கார்.

அலுவலிலிருப்போர் தமக்கு நேரமில்லை என்பர். 2017 மார்ச்சு 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம், விண்டோஸ் அமைப்பிலிருந்த ஓட்டையொன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் கொடுநிரல் அவ்வோட்டை வழியே பரவிக் கோப்புக்களைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. 150 நாடுகளுக்கு மேல் அதனால் இடருற்றன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல, நோயாளர்க்குக் குறித்திருந்த நாட்களைத் தள்ளிவைக்க நேர்ந்தது. திருத்தத்திற்கும் தாக்குதலுக்கும் இடையே எட்டு வாரங்களுக்கு மேலிருந்தன. அவ்வெட்டு வாரத்தில் சில நிமிடம் ஒதுக்காமையின் விலை இதுவாயிற்று.

அலுவலகத் தலைவர்க்கும் ஒன்று கூறுவோம். பொய்க் கடிதத்தை நம்பித் திறந்த எழுத்தரைப் பலர்முன் இகழ்ந்தால், அடுத்தவர் தமக்கு நேர்ந்ததை மறைப்பார். மறைத்த ஒவ்வொரு மணியும் கள்வர்க்கு ஆதாயம். நம் நாட்டில் இவ்வாறு பணமிழந்தோர் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடலாம். பணம் பல கைம்மாறிப் போகுமுன் தடுக்க விரைவே துணையாதலின், நாணத்தாற் காலந்தாழ்த்தல் இழப்பைப் பெருக்கும்.

பூட்டைக் காக்கக் கற்பிக்கும் கல்வி உடைக்கவும் கற்பிக்குமே என அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணாக்கராயிருந்த ராபர்ட் மோரிஸ் விடுத்த நிரல் ஏறத்தாழ 6,000 கணினிகளைப் பற்றியதென மதிப்பிடப்பட்டது. கோப்புக்களை அழிக்குமாறு அஃது எழுதப்படவில்லை. அளவிறந்து பெருகியமையே கணினிகளை முடக்கிற்று. ஆயினும் 1990-இல் நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுப்பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. அவரே பின்னாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியருமானார். அறிவை ஒளித்துவைத்தல் இவ்வச்சத்திற்கு மருந்தாகாது. உடையவர் இசைவின்றிப் பிறர் கணினியிற் புகாமையை முதல் நாட் பாடமாக்குக.

ஆதலின், முதலாண்டு மாணாக்கர் அனைவர்க்கும் வாரந்தோறும் ஒரு மணி நேரமும், பழைய மாணாக்கர்க்கும் அலுவலர்க்கும் விடுமுறைக் காலத்துச் சில மாலைகளும் இக்கல்விக்கென ஒதுக்குமாறு கலாசாலைத் தலைவர்களை வேண்டுகின்றோம். மாணவ நண்பர்காள்! கற்றதை இல்லத்து முதியோர்க்குப் பொறுமையுடன் எடுத்துரைமின். ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒருவர், காவலர் போற் பேசும் கள்வனிடம் தம் சேமிப்பை இழவாது தொலைபேசியைக் கீழே வைப்பாராயின், அந்த ஒரு மணி நேரம் தன் பயனை எய்தியதாகும்.