பச்சைக் காய்கறி சாப்பிடுங்க, தப்பில்லை... தைராய்டு மாத்திரையை ஏன் நிறுத்தணும்?

குரோம்பேட்டையிலிருந்து அஸ்தினாபுரம் போகும் ராஜேந்திர பிரசாத் சாலையானாலும் சரி, சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையானாலும் சரி, காலை வாக்கிங் பேச்சில் ரெண்டு விஷயம் தப்பாமல் வரும். ஒன்று தைராய்டு. இன்னொன்று "சமைக்காம சாப்பிடுறது". அறுகம்புல் சாறு, வெண்பூசணி ஜூஸ், முளைகட்டிய பயறு, ஏபிசி ஜூஸ் என்று ஆளாளுக்கு ஒரு மெனு.

இதில் எந்தத் தப்பும் இல்லை. பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்போதுதான் சிக்கல். "மூணு மாசம் பச்சையா சாப்பிட்டுப் பாருங்க, தைராய்டு மாத்திரையே தேவைப்படாது" என்று ஒருவர் சொல்வார். யூடியூபிலும் அதையே இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். இந்த ஒரு வரியை நம்பி மாத்திரை டப்பாவை அலமாரியில் ஏற்றி வைப்பது, அந்த டயட்டில் இருக்கும் எல்லா ஆபத்தையும்விடப் பெரிய ஆபத்து.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடத்தி, 2013-ல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பது தெரியவந்தது. தோராயமாகப் பத்தில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அஸ்தினாபுரத்தில் நடுத்தர அளவு அபார்ட்மென்ட் ஒன்றை எடுத்துக்கொண்டாலும், அதில் சிலராவது காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்களாக இருப்பார்கள்.

உடல் எடை ஏறுவது, முடி கொட்டுவது, எந்நேரமும் அசதி, மாதவிடாய் தாறுமாறாவது... இதெல்லாம் சேர்ந்து வரும்போது "வாழ்நாள் முழுக்க மாத்திரை" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பினால் யாருக்கும் மனசு ஒப்பாது. வேறு வழி இருக்கிறதா என்று தேடுவது இயல்பு. அந்தத் தேடலைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை.

இயற்கை உணவு இங்கே புதுசா?

இல்லை. தென்காசி மாவட்டம் சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமம் போன்றவை பல பத்தாண்டுகளாகச் சமைக்காத உணவைப் பரப்பி வருகின்றன. அதற்கும் முன்பே, 1929-ல் காந்தியே இதைச் சோதித்துப் பார்த்தார். முளைகட்டிய தானியம், பச்சைக் காய்கறி, தேங்காய் என்று தொடங்கிய சோதனையை, வயிற்றுக்கடுப்பு வந்ததால் சில மாதங்களிலேயே நிறுத்திக்கொண்டார். ஆரம்பித்ததை 'யங் இந்தியா'வில் எழுதியவர், நிறுத்தியதையும் அதே பத்திரிகையில் எழுதினார். இன்றைய டயட் வீடியோக்களில் இந்த இரண்டாவது பகுதிதான் காணாமல் போகிறது.

கோஸ் சாப்பிட்டால் தைராய்டு கெடுமா?

முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றைப் பச்சையாக நறுக்கும்போதோ மெல்லும்போதோ உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கும். அதனால் உருவாகும் சில பொருட்கள் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் பொரியலுக்கும் சாலட்டுக்கும் வித்தியாசம்.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? 2010-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சம்பவம் வெளியானது. நியூயார்க்கில் 88 வயது சீனப் பெண் ஒருவர், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பி, தினமும் 1 முதல் 1.5 கிலோ வரை 'பாக் சோய்' என்ற கோஸ் வகைக் கீரையைப் பல மாதங்கள் பச்சையாகவே சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்து, உயிருக்கே ஆபத்தான நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டுக் கோஸைக் கண்டு ஓட வேண்டாம். தினமும் ஒரு கிலோவுக்கு மேல், மாதக்கணக்கில் சாப்பிட்ட கதை இது. சாலட்டில் கைப்பிடி கோஸ் போடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ஏற்கெனவே முழு அளவில் மாத்திரை எடுப்பவருக்கு ஹார்மோன் மாத்திரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. சுரப்பியின் வேலையைத் தடுக்கும் கோஸால் அவருக்குப் பெரிதாகப் பாதிப்பு இருக்காது. ஆனால் மாத்திரையையும் நிறுத்தி, பச்சைக் கோஸ் ஜூஸையும் தினசரி ஆக்கினால்? அப்போதுதான் இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

யாரும் பேசாத விஷயம்: உப்பு

கோஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. இயற்கை உணவுக்கு மாறுபவர்கள் முதலில் குறைப்பது உப்பை. இல்லையென்றால் இந்துப்பு, கல் உப்பு என்று மாறுவார்கள். பாலும் போகும், முட்டையும் மீனும் போகும். நம் ஊர் சாப்பாட்டில் அயோடின் வரும் முக்கிய வழிகள் இவைதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தமிழ்நாடு ஏற்கெனவே இதில் பின்தங்கித்தான் இருக்கிறது. 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தேசிய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி இடம். தூத்துக்குடியில் உப்பு விளைவிக்கும் மாநிலத்தின் நிலை இது!

அதற்காக, தைராய்டு இருப்பவர்கள் அயோடின் சப்ளிமென்ட்டையோ கடல்பாசிப் பொடியையோ வாங்கி விழுங்கக் கூடாது. நகரங்களில் பலருக்கு இந்தப் பிரச்சினை வருவதற்குக் காரணம் ஹாஷிமோட்டோ. உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய் அது. அதில் கூடுதல் அயோடின் நிலைமையை மோசமாக்கவும் கூடும். சாதாரண அயோடின் உப்பு, சாதாரண அளவு. அது போதும்.

வெறும் வயிற்றுக்கு ரெண்டு பேர் போட்டி

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். சாப்பிட 30 முதல் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். இயற்கை உணவுக்காரர்களின் ஜூஸ், ஊறவைத்த வெந்தயம், சப்ஜா விதை எல்லாமும் 'வெறும் வயிற்றில்' என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் நார்ச்சத்து மாத்திரையை முழுசாக உடலில் சேரவிடாது. காபி, சோயாவுக்கும் இதே பிரச்சினை உண்டு. இரும்பு, கால்சியம் மாத்திரை என்றால் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

மாத்திரை முதலில், ஜூஸ் ஒரு மணி நேரம் கழித்து. காலையில் முடியவில்லையா? இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

'நிறுத்திட்டேன், நல்லாத்தானே இருக்கேன்!'

இந்த வரிதான் பலரை ஏமாற்றுகிறது. லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். நிறுத்திய முதல் ஓரிரு வாரம் ஒன்றும் தெரியாது. எண்ணெய்ப் பலகாரம், பேக்கரி ஐட்டம் எல்லாம் நின்றதால் உடம்பு லேசாகவும் இருக்கும். "டயட் வேலை செய்யுது" என்று தோன்றும். சில வாரங்களில் அசதியும் மலச்சிக்கலும் மெல்லத் திரும்பும். "கழிவு வெளியேறுது, பொறுத்துக்கோங்க" என்று அதற்கும் ஒரு விளக்கம் வரும். பால் பொருட்களையும் விட்டவர்களுக்கு பி12 குறைந்தாலும் அசதிதான் வரும். எது எதனால் என்று ரத்தப் பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

அதிகம் கவலைப்பட வேண்டியது குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களைப் பற்றி. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அந்த நேரத்தில் பலருக்கு மாத்திரை அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். நிறுத்திப் பார்க்கும் நேரம் அது இல்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

* ஒரு வேளை பழம், சாலட் என்று மாறலாம். கோஸ் வகைகளை வேகவைத்துச் சாப்பிடலாம். மரவள்ளியைப் பச்சையாக எந்தக் காரணத்துக்காகவும் சாப்பிடக் கூடாது.
* டயட்டைப் பெரிதாக மாற்றினாலோ எடை நன்றாகக் குறைந்தாலோ 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை செய்ய வேண்டும். கூட்டுவதோ குறைப்பதோ ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு.
* முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாகக் காட்டலாம்.

டாக்டர்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "என்ன சாப்பிடலாம்?" என்று கேட்கும் நோயாளியிடம் "எல்லாம் சாப்பிடுங்க" என்று முடித்துவிட்டால், மீதிப் பதிலை அவர் போனில்தான் தேடுவார். இயற்கை மருத்துவம் சொல்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. காய்கறியின் நன்மையைச் சொல்லும் அதே மூச்சில் "மாத்திரையை நிறுத்தாதீங்க" என்ற வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது என்பது அவரவர் விருப்பம். தைராய்டு மாத்திரை மட்டும் அந்த விருப்பப் பட்டியலில் வராது. சுரப்பி செய்ய முடியாத வேலையை அது செய்கிறது. எந்தக் கீரைக்கும் அந்த வேலை தெரியாது.