சூடான பீரும் பறவையில்லாத வானமும்

இல்லாத உலகம் ஒன்றைக் கதையில் நிறுவ முற்படுகிறவர்கள் வழக்கமாக வரைபடத்தில் தொடங்குகிறார்கள். அடுத்து வம்சங்களுக்குப் பெயர், போர்களுக்கு ஆண்டு, தெய்வங்களுக்கு ஆயுதம். பின்புலம் என்றாலே இந்தப் பட்டியல்தான் என்று ஆகிவிட்டது. வாசகர் அந்த உலகத்தை நம்பத் தொடங்குவதோ சில்லறை விஷயங்களில்: அங்கே என்ன குடிக்கிறார்கள், வாசலை எங்கே வைக்கிறார்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது.

இந்தச் சில்லறை விஷயங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைப் பார்க்க, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவல் நல்ல இடம். கதை நடக்கும் கெத்தன் என்ற கோளில் ஏறக்குறைய எப்போதும் குளிர். இந்த ஒரு நிபந்தனையிலிருந்து மற்றவை கிளைக்கின்றன. பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் சின்னக் கருவி ஒன்று இருக்கும். ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவே பானத்தின் மேல் உறைந்துவிடும் பனியை உடைக்க அது. வீட்டுச் சுவரில் தரையிலிருந்து வெகு உயரத்தில் இன்னொரு கதவு. பனி குவிந்து கீழ்வாசல் மூடிப்போனால் அதன் வழியே போக்குவரத்து. குளிர் கடுமையானது என்று ஆசிரியர் பத்துப் பக்கம் வர்ணித்தாலும் அந்தக் கதவு செய்யும் வேலையைச் செய்ய முடியாது.

இல்லாதவையும் பின்புலம்தான். கெத்தனில் பறவைகள் இல்லை. பறக்கும் எதையும் கண்டிராத அந்த மக்களுக்கு விமானம் செய்யும் எண்ணமே எழுந்ததில்லை. இயந்திரங்களோ அங்கே பல நூற்றாண்டுகளாக உண்டு. வண்டிகள் மணிக்கு 25 மைல் வேகத்தில் போகின்றன. கூட்ட முடியும், கூட்டுவதில்லை. ஆண்டுகளை அவர்கள் ஏறுவரிசையில் எண்ணுவதும் கிடையாது. நடப்பு ஆண்டு எப்போதும் முதலாம் ஆண்டு, மற்றவை அதிலிருந்து முன்னும் பின்னுமாக எண்ணப்படும். முன்னேற்றத்தைப் பெரிதாக எண்ணாத சமூகம் இது என்பதை வேகமும் நாட்காட்டியும் சொல்லிவிடுகின்றன. ஒரு விவரம் மற்றொன்றைத் தாங்குகிறது. தனியே நிற்கும் விவரம் வெறும் விசித்திரம்.

தமிழ்க் கவிதையியலுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை அந்நிலத்தின் கருப்பொருளாக வகுக்கிறது. மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் இவற்றின் நடுவே நிகழ்கிறது. வம்ச வரலாறு இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் மிகுபுனைவில் அரச பரம்பரை ஏழு தலைமுறைக்கு நீண்டிருக்க, அந்த அரசன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் போவது கொஞ்சம் வேடிக்கைதான். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) ஒரு விலக்கு. அந்தக் கற்பனைக் கோயில் நகரம் நிற்பது கோபுரத்தின் உயரத்தால் மட்டும் அல்ல. அதைச் சுற்றிப் பிழைக்கும் சிற்பிகளும் தாசிகளும் வைதிகர்களும் அவரவர் கவலைகளோடு வருகிறார்கள்.

விவரங்களை வாசகருக்கு எப்படித் தருவது என்பது அடுத்த சிக்கல். உள்ளூர்க்காரர் தன் ஊர் வழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். லெ குவின் வெளியுலகத் தூதர் ஒருவரைப் பெரும்பகுதிக்குக் கதைசொல்லியாக்குகிறார். அவர் தடுமாறும் இடங்களில் வாசகரும் கற்கிறார். இடையிடையே அந்த மக்களின் தொன்மக் கதைகளும் முன்பு வந்த ஆய்வாளரின் குறிப்புகளும் தனி அத்தியாயங்களாக வருகின்றன. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளுக்கு இந்த வடிவம் இயல்பாகக் கைவந்திருக்கும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) இன்னும் சுருக்கமான வழியைக் காட்டுகிறது. பாலைவனத் தலைவர் ஒருவர் பிரபுவின் முன்னே மேசையில் எச்சில் துப்புகிறார். காவலர்கள் கொதிக்கிறார்கள். தண்ணீர் அரிதான கோளில் உடலின் ஈரத்தைக் கொடுப்பது மரியாதை என்று தெரிந்த ஒருவர் அதற்கு நன்றி சொல்கிறார். பாலையின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு துப்பலில் அடங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்பதும் இல்லை. கெத்தன் முதலில் இடம்பெற்றது 'விண்டர்ஸ் கிங்' என்ற சிறுகதையில். அதை எழுதியபோது அம்மக்கள் மாதத்தின் பெரும்பகுதி ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் வாழ்பவர்கள் என்பது தனக்கே தெரியாது என்று லெ குவின் பின்னர் எழுதினார். நாவலில் அது மைய நிபந்தனை ஆயிற்று. 1975இல் சிறுகதையைத் தொகுப்பில் சேர்த்தபோது, ஆண்பால் சுட்டுப்பெயர்களைப் பெண்பாலாக மாற்றினார்.

அந்த நிபந்தனையில்தான் நாவலின் பலவீனமும் இருக்கிறது. அரசர் கருத்தரிக்கக்கூடிய நாடு என்று அறிகிறோம். முக்கியப் பாத்திரமான எஸ்ட்ராவன் பிள்ளை பெற்றவர் என்றும் அறிகிறோம். பிள்ளை வளர்ப்பவராக அவரைப் பார்ப்பதில்லை. அரசியலிலும் பனிப்பயணத்திலும் மட்டும் பார்ப்பதால் அவர் வாசகர் மனதில் ஆணாகவே பதிந்துவிடுகிறார். விமர்சகர்கள் சுட்டிய இந்தக் குறையை லெ குவின் பின்னர் தன் கட்டுரை ஒன்றில் ஒப்புக்கொண்டார். குளிருக்கு ஒரு கதவு கிடைத்தது. பாலின நிலைக்கு அதற்கு ஈடான ஒரு வீட்டுக் காட்சி கிடைக்கவில்லை.

மறுகோடியில் அளவுமீறல். ஆங்கில எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் 2007இல் உலகக் கட்டமைப்பு என்ற பழக்கத்தையே கடுமையாகச் சாடினார். இல்லாத ஓர் இடத்தை முழுதாக அளந்து முடிக்கும் ஆசை எழுத்தையும் வாசகரின் கற்பனையையும் கொல்கிறது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு. நாவலாசிரியர் டோல்கீன் அவருக்கு எதிர்ச்சாட்சி. மொழிகளை உருவாக்கி, அவற்றைப் பேச மக்களையும் அவர்களுக்கு வரலாற்றையும் பல பத்தாண்டுகள் எழுதிச் சேர்த்தவர் அவர். ஆனால் அந்தத் தொன்மத் தொகுப்பான 'தி சில்மரில்லியன்' அச்சேறியது 1977இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பாத்திரங்கள் பழைய பெயர்களைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நடக்கிறார்கள். பின்னால் பெரிய வரலாறு இருப்பதை வாசகர் உணர அது போதுமானது.

எஞ்சிய விவரங்களுக்கு டோல்கீன், ஹெர்பர்ட், லெ குவின் மூவரும் ஒரே இடத்தைத்தான் தேர்ந்தார்கள். டோல்கீன் நாவலின் மூன்றாம் பாகத்தின் (1955) கடைசியில் ஆண்டுவரிசையும் நாட்காட்டியும் எழுத்துமுறையும், ஹெர்பர்ட்டில் கோளின் சூழலியலும் மதங்களும், லெ குவினில் மாதப் பெயர்களும் பத்து மணி நேர நாளும் பின்னிணைப்பாக இருக்கின்றன. அவற்றைப் படிக்காதவருக்கும் கதை புரியும்.