சர்வீஸுக்கு எதற்கு முழு அதிகாரம்?

விண்டோஸ் சர்வீஸ் எழுதும் புரோகிராமர்கள் பலர் அதை லோக்கல் சிஸ்டம் அக்கவுண்ட்டிலேயே இன்ஸ்டால் செய்கிறார்கள். 'எஸ்சி கிரியேட்' கட்டளையில் அக்கவுண்ட் எதையும் குறிப்பிடாவிட்டால் கிடைப்பதும் அதுதான். கம்ப்யூட்டரில் ஏறக்குறைய எதையும் செய்ய அதற்கு அனுமதி உண்டு. அனுமதிப் பிழைகள் வராததால் டீபக் வேலை சுலபம். ஆனால் அந்த சர்வீஸில் ஓட்டை இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் முழுவதும் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

ஆன்டிவைரஸுக்கு இந்த அதிகாரம் தேவை. பிரிண்டரில் இங்க் அளவைக் காட்டும் புரோகிராமுக்கு எதற்கு? 2001-ல் வந்த எக்ஸ்பியிலிருந்தே 'லோக்கல் சர்வீஸ்' என்ற குறைந்த அதிகார அக்கவுண்ட் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அதில் இயக்கி, விஷுவல் ஸ்டுடியோவின் 'அட்டாச் டு பிராசஸ்' மூலம் பிழை தேட வேண்டும். 'ஆக்சஸ் டினைடு' வந்தால், தேவையான ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

சர்வீசஸ்.எம்எஸ்சி திறந்து 'லாக் ஆன் அஸ்' பகுதியைப் பாருங்கள். நீங்களே எதையும் மாற்ற வேண்டாம்; புரோகிராம் தந்த கம்பெனியிடம் காரணம் கேளுங்கள்.